பிரணாய் ராய்

பிரணாய் ராய் (பிறப்பு: அக்டோபர் 15, 1949) இந்தியத் தொலைக்காட்சி இதழாளர், பொருளியலாளர், தேர்தல் கணிப்பாளர். என்டிடிவி நிறுவனத்தைத் தம் மனைவி ராதிகா ராயுடன் இணைந்து வளர்த்தெடுத்தவர். 1980களின் இறுதி வரை இந்தியத் தொலைக்காட்சியில் அரசியல் செய்தி என்பது அரசே எழுதி அரசே வாசித்த ஒன்றாக இருந்தது. அந்த அரசுத் தொலைக்காட்சியிலேயே அமர்ந்து, ஆளும் கட்சி தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை எண்களைக் கொண்டு சொன்னவர் என்ற வகையில் இவர் இந்திய இதழியல் வரலாற்றில் தனியிடம் பெறுகிறார். வாக்கு விழுக்காட்டுக்கும் வெல்லும் தொகுதிகளுக்கும் உள்ள தொடர்பைப் பொதுமக்களுக்குப் புரியும்படி விளக்கியது இவருடைய முதன்மையான பங்களிப்பாகும். இக்கட்டுரையில் அம்முறைகளின் பயனையும் எல்லையையும் காட்டுவதற்குத் தமிழகத் தேர்தல்களும், காவிரிக் கழிமுகக் கடற்கரையில் அமைந்த காரைக்கால் பகுதியின் தேர்தல்களும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

இளமையும் கல்வியும்

பிரணாய் ராய் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை வங்காளி, தாய் அயர்லாந்து நாட்டவர். தேராதூனில் உள்ள தூன் பள்ளியிலும் பின்னர் இங்கிலாந்தின் எய்லிபரி பள்ளியிலும் பயின்றார். இலண்டன் குயின் மேரி கல்லூரியில் பொருளியல் பட்டம் பெற்று, பட்டயக் கணக்காளராகவும் தகுதி பெற்றார். பிறகு தில்லிப் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். 1980களின் நடுப்பகுதியில் இந்திய நிதி அமைச்சகத்தில் பொருளியல் ஆலோசகராகவும் பணியாற்றினார். எழுத்தாளர் அருந்ததி ராய் இவருடைய தந்தைவழி உறவினர்.

இவர் இதழியல் படித்தவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. செய்தியறைப் பயிற்சி பெற்றவர் ராதிகா ராய். அவர் இந்தியன் எக்ஸ்பிரஸ், இந்தியா டுடே ஆகியவற்றில் பணியாற்றியவர். என்டிடிவியைப் பற்றிய பேச்சில் திரையில் தோன்றிய முகமே பெரிதாகப் பேசப்படுகிறது. செய்தியறையை அமைத்ததும் இளம் செய்தியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கியதும் பெரிதும் ராதிகாவின் பணி.

தேர்தல் ஆய்வுக்கு வந்த வழி

பிரித்தானியத் தேர்தல் ஆய்வாளர் டேவிட் பட்லர் (1924-2022) பிபிசி தொலைக்காட்சியில் 1950களிலிருந்து தேர்தல் முடிவுகளை விளக்கி வந்தவர். ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு வாக்குகள் எத்தனை விழுக்காடு நகர்ந்துள்ளன என்பதை ஓர் ஊசலின் அசைவாகக் காட்டும் கருவியைப் புகழ்பெறச் செய்தவர் அவரே. பட்லர், பொருளியலாளர் அசோக் லாகிரி ஆகியோருடன் சேர்ந்து பிரணாய் ராய் இந்தியத் தேர்தல் முடிவுகளைத் தொகுதி வாரியாகத் திரட்டத் தொடங்கினார். 1984இல் இந்தியத் தேர்தல்களின் தொகுப்பேடு ஒன்றை மூவரும் வெளியிட்டனர். அது பின்னர் "இந்தியா டிசைட்ஸ்" என்னும் பெயரில் விரிவாக்கப்பட்ட நூலாக வெளிவந்தது. கணினி அரிதாக இருந்த காலத்தில், 1952 முதலான எல்லா மக்களவைத் தொகுதிகளின் முடிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்ததே பெரும்பணி. லாகிரி பிற்காலத்தில் இந்திய அரசின் தலைமைப் பொருளியல் ஆலோசகரானார். 2021இல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்குப் பாரதிய சனதாக் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறர் தேர்தலைக் கணித்தவர் தாமே வேட்பாளரானது ஒரு சுவையான செய்தி.

இந்தியா டுடே இதழுக்காக இவர்கள் செய்த கருத்துக்கணிப்புகளே ராயை முதலில் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தின.

வாக்குச் சாய்வும் ஒற்றுமைக் குறியீட்டெண்ணும்

பிரித்தானியாவில் இரு பெருங்கட்சிகளே களத்தில் இருந்தமையால் வாக்குச் சாய்வு ஒன்றே கணிப்புக்குப் போதுமானதாக இருந்தது. இந்தியாவில் அது போதாது. ஒரு தொகுதியில் யார் மிகுதியான வாக்கு பெறுகிறாரோ அவரே வென்றவர் என்னும் முறையில், ஆளும் கட்சியின் வாக்கு ஒரு விழுக்காடுகூடக் குறையாமலேயே அது தோற்றுப்போகலாம். எதிரிகள் ஒன்று சேர்ந்துவிட்டால் போதும். இதை அளப்பதற்காக உருவாக்கப்பட்டதே "எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீட்டெண்".

இதன் கணக்கு எளிது. எதிர்க்கட்சிகளுள் மிகப் பெரியது பெற்ற வாக்கை, எதிர்க்கட்சிகள் அனைத்தும் சேர்ந்து பெற்ற வாக்கால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஆளும் கட்சி 40 விழுக்காடு பெற்று, மீதி 60 விழுக்காட்டை மூன்று கட்சிகள் இருபது இருபதாகப் பிரித்துக்கொண்டால் குறியீட்டெண் 33. ஆளும் கட்சி எளிதில் வெல்லும். அதே 60இல் ஒரு கட்சி மட்டும் 45 பெற்றால் குறியீட்டெண் 75. இப்போது அதே 40 விழுக்காட்டுடன் ஆளும் கட்சி தோற்கும். மக்கள் மனம் மாறியதா, தலைவர்கள் கூட்டு மாறினார்களா என்ற இரு கேள்விகளையும் இம்முறை தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது.

தமிழக வாசகருக்கு இதற்கு 1989ஆம் ஆண்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அவ்வாண்டு சனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி எனப் பிளவுபட்டிருந்தது. காங்கிரசும் தனித்துப் போட்டியிட்டது. தி.மு.க. சுமார் 33 விழுக்காடு வாக்குகளுடன் 150 இடங்களை வென்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்தது. எதிர்த்து நின்ற மூன்று அணிகளும் சேர்ந்து பெற்ற வாக்கு அதைவிட மிகுதி. அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது அ.தி.மு.க. ஒன்றுபட்டு, காங்கிரசுடனும் கூட்டுச் சேர்ந்திருந்தது. தமிழகத்தின் 39 தொகுதிகளில் காங்கிரசு 27, அ.தி.மு.க. 11 என வென்றன. மீதமிருந்த ஒரே தொகுதியான நாகப்பட்டினத்தில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி வென்றது. சென்னையில் ஆட்சியில் இருந்த தி.மு.க.வுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. பத்து மாதத்தில் தி.மு.க. இழந்த வாக்கு சில விழுக்காடுகள்தாம். எதிர்த்தரப்பு ஒன்றுபட்டதே அதன் தோல்வியை முழுமையாக்கியது.

அகில இந்திய அளவில் இதற்கு நேர்மாறான திசையில் அதே கணக்கு வேலை செய்தது. 1984இல் ஏறத்தாழ 49 விழுக்காடு வாக்குகளுடன் 400க்கும் மேற்பட்ட இடங்களை வென்ற காங்கிரசு, 1989இல் பத்து விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளை இழந்து 197 இடங்களுக்குச் சுருங்கியது. சனதா தளமும் பாரதிய சனதாவும் இடதுசாரிகளும் பல மாநிலங்களில் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதே இதற்கு ஒரு காரணம்.

காரைக்காலில் இக்கணக்கு

மேற்கண்ட முறைகள் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தா என்பதைக் காரைக்கால் தெளிவாகக் காட்டுகிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகத்து 16இல் சட்டப்படி இணைந்த இப்பகுதி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகளுள் ஒன்று. புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், நிலப்பக்கம் முழுவதும் தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டுள்ளது. 2011 கணக்கெடுப்பில் ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. அதில் காரைக்காலின் பங்கு 2,00,222, அதாவது 16 விழுக்காடு. சட்டமன்றத்தின் 30 தேர்தல் தொகுதிகளில் காரைக்காலுக்கு நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம் என ஐந்து. மாகேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. மற்ற 23 தொகுதிகளும் புதுச்சேரிப் பகுதியிலேயே உள்ளன. மக்களவைக்கோ நான்கு துண்டுகளுக்கும் சேர்த்து ஒரே உறுப்பினர்.

ஒன்றியப் பகுதி முழுவதிலும் ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டால் முடிவில் மூன்று விழுக்காடு முன்பின் பிழை நேரலாம், இது பொறுக்கத்தக்கது. அந்த ஆயிரத்தில் மக்கள்தொகை விகிதப்படி காரைக்காலுக்கு வருவோர் 160 பேர். இவர்களைக் கொண்டு காரைக்காலின் மனநிலையைச் சொன்னால் பிழை எட்டு விழுக்காடாகிறது. தொகுதிக்கு 32 பேர் என்று பிரித்தால் பதினேழு விழுக்காடு. தொகுதிக்கு முப்பதாயிரத்தைச் சுற்றியே வாக்காளர்கள் உள்ள இடத்தில், சில நூறு வாக்குகள் வெற்றியை முடிவு செய்யும்போது இத்தகைய அளவீட்டால் பயனேதும் இல்லை. பெரிய மாநிலங்களில் ஒரு தொகுதியில் மிகையாக மதிப்பிட்டது இன்னொரு தொகுதியில் குறைவாக மதிப்பிட்டதால் ஈடாகிவிடும். ஐந்து தொகுதிகளில் அவ்வாறு ஈடாக இடமில்லை.

இரண்டாவது தடை, சாய்வு எல்லாத் தொகுதிகளிலும் ஒரே அளவாக இருக்கும் என்ற எடுகோள். 2016 மே 16இல் தமிழகமும் புதுச்சேரியும் ஒரே நாளில் வாக்களித்தன. காரைக்காலின் தென்கோடியான வாஞ்சூரில் நிற்பவருக்கு நாகூர் கூப்பிடு தூரம்தான். இருபுறமும் ஒரே மொழி, ஒரே தொலைக்காட்சிகள், பெரும்பாலும் ஒரே கொடிகள். ஆயினும் தமிழகத்தில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது, புதுச்சேரியில் காங்கிரசு 15, தி.மு.க. 2 என வென்று அக்கூட்டணி ஆட்சி அமைத்தது. தமிழகத்தில் வீசிய அலை எல்லையைக் கடக்கவில்லை.

மூன்றாவது, கட்சியைவிட ஆள் பெரிதாக இருப்பது. 2021 சட்டமன்றத் தேர்தலில் காரைக்காலின் ஐந்து இடங்களில் என்.ஆர். காங்கிரசு இரண்டையும் தி.மு.க. இரண்டையும் வென்றன. திருநள்ளாற்றில் சுயேச்சை வேட்பாளரான பி. ஆர். சிவா வென்றார். ஒன்றியப் பகுதி முழுவதிலும் முப்பதில் ஆறு பேர் சுயேச்சைகள். சென்ற தேர்தலின் கட்சி வாக்கிலிருந்து இந்தத் தேர்தலின் கட்சி வாக்கைக் கழித்துச் சாய்வைக் காண்பதே இம்முறை. ஐந்தில் ஒரு பங்கு இடங்களைக் கட்சியே இல்லாதவர்கள் பெறும் இடத்தில் கழிப்பதற்கு எண் கிடைப்பதில்லை.

தமிழக அரசியல் மேடைகளில் புதுச்சேரி பெரும்பாலும் நாற்பதாவது தொகுதி. "நாற்பதும் நமதே" என்னும் முழக்கத்தில் அந்த ஒன்றும் அடக்கம். 2004இல் தி.மு.க. கூட்டணி உண்மையாகவே நாற்பதையும் வென்றது. புதுச்சேரியில் வென்றவர் பாட்டாளி மக்கள் கட்சியின் மு. இராமதாசு. தில்லியின் தேர்தல் இரவு நிகழ்ச்சிகளில் புதுச்சேரி "பிற" என்ற வரிசையில் ஓடி மறைவது வழக்கம். காரைக்காலின் பெயர் அங்கே வருவதே அரிது. இது ராய் ஒருவரின் குறையன்று. நாடு முழுவதையும் ஒரே திரையில் காட்ட முனையும் எந்த முறைக்கும் உள்ள விலை.

தேர்தல் இரவு: 1989

1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையைத் தூர்தர்சன் பல மணி நேரத் தொடர் நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. ஆங்கிலத்தில் பிரணாய் ராயும் இந்தியில் வினோத் துவாவும் (1954-2021) அதை நடத்தினர். அக்காலத்தில் வாக்குச்சீட்டுகளைக் கையால் பிரித்து, கட்டுக்கட்டாக அடுக்கி எண்ணினார்கள். முழு முடிவு தெரிய இரண்டு மூன்று நாள்கள் ஆகும். இடையில் திரைப்படங்களை ஒளிபரப்புவார்கள். பலர் அத்திரைப்படங்களுக்காகவே தொலைக்காட்சி முன் அமர்ந்ததும் உண்டு. அந்தக் காத்திருப்பு நேரத்தைக் கணிப்பாலும் விளக்கத்தாலும் நிரப்பியதுதான் ராய் செய்த புதுமை. ஒரு தொகுதியின் முடிவு வந்ததும் அதைச் சென்ற முறையோடு ஒப்பிட்டு, சாய்வைக் கணித்து, இதே நிலை நீடித்தால் நாடு முழுவதும் என்னவாகும் என்று சொன்னார்.

இதன் முக்கியத்துவத்தை உணர ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று தூர்தர்சன் தவிர வேறு தொலைக்காட்சி இந்தியாவில் இல்லை. அது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஒரு துறையாகவே இயங்கியது. தேர்தலுக்கு முன்பு வரை பிரதமரின் பயணங்களைக் காட்டுவதற்கே மிகுதியான நேரம் ஒதுக்கியதாக எதிர்க்கட்சிகள் அதைக் குற்றஞ்சாட்டி வந்தன. அதே நிலையம், அதே பிரதமரின் கட்சி பெரும்பான்மையை இழப்பதை மணிக்கு மணி அறிவிக்க நேர்ந்தது. எண்களோடு வாதிட எந்த அதிகாரியாலும் இயலாது என்பதே ராய்க்குக் கிடைத்த பாதுகாப்பு. அரசியல் கருத்துச் சொன்னவரை நீக்கிவிட முடியும். சாய்வு ஆறு விழுக்காடு என்று சொன்னவரை என்ன செய்வது?

1991 தேர்தலில் கணிப்புமுறையின் இன்னோர் எல்லை வெளிப்பட்டது. மே 20இல் முதற்கட்ட வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் இரவு, இராசீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டார். மீதிக் கட்டங்கள் சூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. தமிழகத்தில் காங்கிரசு-அ.தி.மு.க. கூட்டணி 39 இடங்களையும் வென்றது. முன்னதாக எடுக்கப்பட்ட எந்தக் கருத்துக்கணிப்பும் அத்தேர்தலுக்குப் பொருந்தாமற்போயிற்று.

உலகச் செய்தியிலிருந்து உள்நாட்டுச் செய்திக்கு

1988இல் தூர்தர்சனில் தொடங்கிய "தி வேர்ல்ட் திஸ் வீக்" என்டிடிவியின் முதற்பெரும் நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பான இதில் பெர்லின் சுவரின் வீழ்ச்சி, தியனன்மென் சதுக்க நிகழ்வு, வளைகுடாப் போர் ஆகியவற்றை இந்திய வீடுகள் கண்டன. தனியார் தயாரிப்பாளருக்கு வெளிநாட்டுச் செய்தியைக் கையாள மட்டுமே இசைவு கிடைத்தது. உள்நாட்டுச் செய்தி அரசின் தனியுரிமையாக இருந்தது. கிழக்கு செருமனியில் ஆட்சி கவிழ்வதைப் பார்க்க முடிந்த பார்வையாளரால், தம் மாவட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பார்க்க முடியவில்லை.

1995 பிப்ரவரியில் தூர்தர்சனின் இரண்டாம் அலைவரிசையில் "தி நியூஸ் டுநைட்" தொடங்கியபோது இந்நிலை மாறியது. தனியார் தயாரித்த முதல் அன்றாட உள்நாட்டுச் செய்தியறிக்கை இதுவே எனப்படுகிறது. நேரலையாகச் செய்தி வாசிப்பதற்கு அரசுத் தரப்பு இசையவில்லை. எனவே ஒளிபரப்புக்குச் சில நிமிடங்கள் முன்னதாகப் பதிவு செய்து தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. நேரலை என்ற சொல்லுக்கே அன்று அவ்வளவு அச்சம் இருந்தது. அதே மாதம் 9ஆம் நாள், வங்காளத் துடுப்பாட்டச் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்றும் அவற்றின் மீது அரசுக்குத் தனியுரிமை இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயற்கைக்கோள் வழியாக வந்த அலைவரிசைகள் அதற்கு முன்பே வீடுகளை எட்டியிருந்தன. தமிழில் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கப்பட்டது.

1998 பிப்ரவரியில் ஸ்டார் நியூஸ் 24 மணிநேரச் செய்தி அலைவரிசையாகத் தொடங்கியது. அதன் செய்திகளை 2003 மார்ச்சு வரை என்டிடிவி தயாரித்து அளித்தது. ஒப்பந்தம் முடிந்தவுடன் 2003 ஏப்ரலில் என்டிடிவி 24x7 (ஆங்கிலம்), என்டிடிவி இந்தியா (இந்தி) ஆகிய சொந்த அலைவரிசைகள் தொடங்கப்பட்டன. இராசுதீப் சர்தேசாய், பர்கா தத், அர்னாப் கோசுவாமி, ரவீசு குமார் ஆகியோர் இச்செய்தியறையில் உருவானவர்கள். இவர்களுள் சிலர் பின்னாளில் ஒருவருக்கொருவர் நேர் எதிரான வகையில் செய்தி நடத்தினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தில் இந்நிறுவனத்தின் நேரடி முயற்சி ஒன்று உண்டு. 2009இல் தி இந்து நாளிதழ்க் குழுமத்துடன் இணைந்து சென்னைக்கென "என்டிடிவி இந்து" என்னும் ஆங்கில அலைவரிசையைத் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. தினத்தந்திக் குழுமம் அதை வாங்கி, 2012 நவம்பரில் தந்தி தொலைக்காட்சியாக மாற்றியது. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் வரலாற்றில், கட்சிகளோடு நேரடித் தொடர்புள்ள அலைவரிசைகளே நெடுங்காலம் முன்னிலையில் இருந்தன. 2011இல் வந்த புதிய தலைமுறைக்குப் பிறகே கட்சி சாராத செய்தி அலைவரிசைகள் பெருகின.

தவறிய கணிப்புகள்

2004 மக்களவைத் தேர்தலில் என்டிடிவி உள்ளிட்ட ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சிகளின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளும் தேசிய சனநாயகக் கூட்டணியே முந்தும் என்றன. முடிவில் காங்கிரசு 145, பாரதிய சனதா 138 எனப் பெற்று ஆட்சி மாறியது. இத்தகைய கணிப்புகள் பல கட்டத் தேர்தலில் பிந்திய கட்டத்தாரைப் பாதிக்கும் என்ற வாதம் வலுத்தது. 2009இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126அ பிரிவு சேர்க்கப்பட்டு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் வரை அவற்றை வெளியிடுவது தடைசெய்யப்பட்டது.

இன்னும் கடுமையான சறுக்கல் 2015 நவம்பர் 8இல் பீகார் வாக்கு எண்ணிக்கையின்போது நேர்ந்தது. காலையில் வந்த தொடக்கநிலை எண்களைக் கொண்டு பாரதிய சனதாக் கூட்டணி வெல்லும் என்று ராய் அறிவித்தார். சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழானது. எதிரணியான பெருங்கூட்டணி 243இல் 178 இடங்களை வென்றது. தரவு நிறுவனத்திலிருந்து வந்த எண்கள் பிழையானவை என்று விளக்கிய ராய், பார்வையாளர்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். மின்னணு எந்திரங்கள் வந்தபின் எண்ணிக்கை ஒரே பகலில் முடிந்துவிடுகிறது. 1989இல் இரண்டு நாள் பொறுத்துச் சரிபார்க்க முடிந்ததை இப்போது இரண்டு நிமிடத்தில் சொல்லியாக வேண்டியுள்ளது. பிறரை முந்த வேண்டும் என்ற நெருக்கடி கணக்கின் பிழையன்று. ஆனால் கணக்கைப் பிழையாக்கிவிடுகிறது.

2019இல் தோராப் சோப்பாரிவாலாவுடன் இணைந்து இவர் எழுதிய "தி வெர்டிக்ட்" வெளிவந்தது. ஆட்சியிலிருப்போரை மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்த காலம் (1952-1977), பெரும்பாலும் தூக்கியெறிந்த காலம் (1977-2002), இரண்டும் சமமாக நிகழும் காலம் (2002 முதல்) என இந்தியத் தேர்தல் வரலாற்றை அந்நூல் பகுக்கிறது. வாக்களிக்கும் வயதுள்ள பெண்களில் சுமார் 2.1 கோடிப் பேரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை என்ற அதன் கணிப்பு பரவலாகப் பேசப்பட்டது. யார் வெல்வார் என்பதைவிட யார் வாக்களிக்கவே இயலவில்லை என்ற இக்கேள்வி, இவருடைய நாற்பதாண்டுக் கணக்குகளுள் மிகப் பயனுள்ளது எனலாம்.

அரசு நடவடிக்கைகளும் உரிமை மாற்றமும்

2016 சனவரியில் நடந்த பதான்கோட்டு வான்படைத்தளத் தாக்குதலைப் பற்றிய ஒளிபரப்புக்காக, என்டிடிவி இந்தியாவை ஒரு நாள் நிறுத்திவைக்குமாறு அவ்வாண்டு நவம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. இதழாளர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. 2017 சூன் 5இல், ஐசிஐசிஐ வங்கிக் கடன் ஒன்று தொடர்பாக நடுவண் புலனாய்வுச் செயலகம் ராய் இணையரின் வீடு உள்ளிட்ட இடங்களில் சோதனை நடத்தியது. கடன் முழுவதும் திருப்பிச் செலுத்தப்பட்டுவிட்டது என்று கூறி நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. போதிய சான்று இல்லை எனக் கூறி, வழக்கை முடிப்பதற்கான அறிக்கையைப் புலனாய்வுச் செயலகமே 2024இல் நீதிமன்றத்தில் அளித்தது.

நிறுவனம் கைமாறியதற்குக் காரணமானது வேறொரு கடன். 2009இல் ராய் இணையரின் பங்கு நிறுவனமான ஆர்ஆர்பிஆர், விசுவபிரதான் என்னும் நிறுவனத்திடம் 400 கோடி ரூபாயை ஒட்டிய வட்டியில்லாக் கடன் பெற்றது. கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. 2022 ஆகத்து 23இல் அதானி குழுமம் விசுவபிரதானை வாங்கி, அந்த உரிமையைப் பயன்படுத்தியது. இதனால் என்டிடிவியின் 29.18 விழுக்காடு பங்கு அதன் கைக்குச் சென்றது. தங்கள் இசைவைப் பெறாமலேயே இது செய்யப்பட்டதாக நிறுவனர்கள் தெரிவித்தனர். பொதுப் பங்குதாரர்களிடமிருந்தும் பங்குகள் வாங்கப்பட்டபின், ராய் இணையர் தம் நேரடிப் பங்கில் ஐந்து விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அக்குழுமத்துக்கே விற்றனர். 2022 திசம்பர் 30இல் இருவரும் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினர். இந்தி அலைவரிசையின் முதன்மை முகமான ரவீசு குமார் அதற்கு ஒரு மாதம் முன்பே விலகியிருந்தார்.

இவ்விற்பனை தில்லி ஊடக வட்டாரத்துச் செய்தியாகவே பெரிதும் பேசப்பட்டது. காரைக்காலில் அதே குழுமத்தின் பெயர் அடுத்த மூன்று மாதத்தில் வேறொரு வழியில் அறிமுகமாயிற்று. 2009இல் வாஞ்சூரில் செயல்படத் தொடங்கி, பின்னர் கடன் தீர்க்க இயலாமல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளான காரைக்கால் துறைமுகத்தை, நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுடன் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனம் வாங்கியது. 2023 ஏப்ரல் 1இல் அது அறிவிக்கப்பட்டது. துறைமுகம் பற்றிய செய்தியையும், அதைப் பற்றிய செய்தியை வெளியிடக்கூடிய தேசியத் தொலைக்காட்சியையும் ஒரே உரிமையாளரிடம் காண்பது காரைக்கால் வாசகருக்குப் புதிய நிலை.

என்டிடிவியிலிருந்து விலகிய பிறகு பிரணாய் ராய் "டீகோடர்" என்னும் இணையவழி ஊடகத்தைத் தொடங்கினார். 2024 மக்களவைத் தேர்தலின்போது அதன் வழியாகத் தேர்தல் ஆய்வுகளை வெளியிட்டார். அத்தேர்தலில் காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரித் தொகுதியில் காங்கிரசின் வெ. வைத்திலிங்கம் மீண்டும் வென்றார்.